ஐந்தாவது வார்த்தை

எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, மேடம். பேசச் சொல்லியிருந்தால் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் டீ ஆறிப்போயிருக்கும். பேனா பிடித்தால் எனக்குத் திக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவேன்; வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல வராமல் 'உ'விலேயே நிற்பேன்.

இந்த ஸ்டேஷன் மேஜையில் எனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. யாரும் என் வாக்கியத்தைப் பாதியில் பிடுங்கி முடித்துவைக்கப் போவதில்லை. அந்த வேலையை முப்பது வருஷம் என் அண்ணன் செய்தார். பாசத்தில்தான் தொடங்கினார் என்று அம்மா சொல்வாள். நான் "எனக்கு த..." என்றால் "தண்ணி வேணுமாம்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுவேன். திருத்துவதைவிடக் குடிப்பது சுலபம்.

இருவரும் ஒரே கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தோம். அவர் முன்னால் வாடிக்கையாளர்களிடம் பேசுவார். நான் பின்னறையில் மெஷின் கட்டுவேன். அண்ணன் நீட்டி முழக்கிப் பேசுகிற ஆள், சுருக்கமாகப் பேச அவருக்கு வராது. கடையில் எனக்கு 'பஃபரிங்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். வீட்டில் 'டேய்' போதும் அவருக்கு.

ப்ராசசர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. கம்ப்யூட்டரின் மூளை அது. சிலவற்றின் வேகத்தைக் கம்பெனியே பூட்டி அனுப்பும். சிலவற்றைப் பூட்டாமல் விடும். அவற்றின் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் மின்னழுத்தமும் கூட்டித் தர வேண்டும். எவ்வளவு தாங்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஒன்றுபோல் இருக்காது. ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் மட்டும் இருந்தோமா? அளவு மீறினால் சின்ன வேலையில் ஒன்றும் தெரியாது. கனமான வேலை வரும்போது திரை கறுத்து மெஷின் விழும். அழுத்தம் அதிகமானால் ப்ராசசர் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டும் வரும்.

கட்டட வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு மெஷின் கொடுத்தோம். வேகத்தைக் காட்டி ஆர்டரைப் பிடித்தவர் அண்ணன். தாங்காது என்று நான் சொல்லச் சொல்ல, அத்தனையிலும் வேகத்தை ஏற்றியவரும் அவர்தான். எட்டே மாதத்தில் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்து, யார் செய்த வேலை என்று கேட்டார். நான் "நா... நான் அப்பவே..." என்று தொடங்கினேன். நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன் என்பதுதான் வாக்கியம். அண்ணன் என் தோளில் கைபோட்டு முடித்துவைத்தார்.

"நான் அப்பவே ஒத்துக்கிட்டிருக்கணும், தப்பு என்னுதுதான்னு சொல்றான் சார். பாவம், விட்டுடுங்க."

அதுதான் என் முதல் ஒப்புதல் வாக்குமூலம். அதில் என் சொந்தச் சொல் இரண்டுதான்.

முதலாளி விடவில்லை. அன்று மாலையே வெளியே வந்தேன். விஷயம் பரவியதால் வேறு கடைகளும் சேர்த்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பிரிண்டருக்கு மை நிரப்பினேன். நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை. அண்ணன் அதே கடையில் மேனேஜர் ஆனார். நான் மறக்கவில்லை, மேடம். தினமும் காலையில் அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒழுங்காக முடித்துப் பார்ப்பேன். ஒருநாளும் திக்கியதில்லை.

போன வருஷம் அண்ணனுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை. நினைவு தெளிவாக இருந்தது. உணர்ச்சியும் இருந்தது, கொசு கடித்தால் தெரியும், விரட்டத்தான் முடியாது. அண்ணி என் மாடிப்படிக்கு வந்து நின்றாள்.

"கண்ணால பாத்தே டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் இருக்காமே தம்பி. உங்கள விட்டா எனக்கு யாரு செஞ்சு குடுப்பா?"

செய்து கொடுத்தேன். குறை சொல்ல முடியாதபடி செய்தேன். கட்டிலுக்கு மேல் திரை, அவர் கண்ணைத் தொடர ஒரு கேமரா. கடையில் அவர் பேசிய பழைய வீடியோக்களிலிருந்து அவர் குரலையே எடுத்துப் போட்டேன். 'ஆமா', 'இல்ல', 'தண்ணி', 'வலி' என்று நாலு பொத்தான். அவை முன்பே பதிந்தவை, மெஷினுக்குச் சுமையே இல்லை. மற்றதையெல்லாம் அவர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வாக்கியம் நீள நீள, அடுத்த சொல்லை ஊகிப்பதும் குரலைக் கோப்பதும் ப்ராசசரைப் பிழிந்தெடுக்கும்.

பூட்டில்லாத ப்ராசசராகப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு வாரம் என் அறையில் வைத்து அளவு பார்த்தேன். வேகத்தை ஒரு படி ஏற்றுவேன், ஒரு வாக்கியம் கொடுப்பேன், விழுகிறதா என்று பார்ப்பேன். கடைசியில் நான் தேடிய இடம் கிடைத்தது. நாலு வார்த்தை வரை தாங்கும். ஐந்தாவதில் விழும். அவர் பேச்சு பாதியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நான் விரும்பியது. உயிரைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

முதல் நாள் அவர் "ஜன்னல தொற" என்றார், தன் சொந்தக் குரலில். அண்ணி அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

மெஷின் விழுந்தால் கேமராவை மறுபடி அவர் கண்ணுக்குப் பழக்க வேண்டும். அது எனக்குத்தான் தெரியும். வாரத்துக்கு மூன்று தடவையாவது கூப்பிடுவாள். "என்ன சொல்ல வந்தாரோ, பாவம்" என்பாள். நான் முடித்துவைப்பேன். "டிவிய நிறுத்தச் சொல்றார் அண்ணி." மெஷின் எழுந்ததும் அவர் பொத்தானைப் பார்ப்பார். "இல்ல, இல்ல" என்று அவர் குரல் கேட்கும். "பாத்தீங்களா, டிவி வேணவே வேணாமாம்" என்பேன். அண்ணி போய் நிறுத்துவாள். சொல்ல எனக்கு வெட்கமில்லை, மேடம். அந்த நிமிஷங்கள் எனக்கு இனித்தன. முப்பது வருஷம் நான் குடித்த தண்ணீரை அவரும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று இருந்தது.

மூன்றாம் மாதம் நாலு வார்த்தை மூன்றாகியது. அப்புறம் இரண்டு, பிறகு ஒன்று. ப்ராசசர் தேய்கிறது என்று எனக்குத் தெரியும். தேயும் என்று ஒருகாலத்தில் தொண்டை வறளச் சொன்னவனே நான்தானே. வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்க இரண்டு நிமிஷம் போதும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்குப் போய் எண்களைப் பார்ப்பேன். தொடாமல் வெளியே வந்துவிடுவேன்.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணி கூப்பிட்டாள். விடிந்ததிலிருந்து "வலி, வலி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். நான் போய் மெஷினைச் சரி செய்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் எழுத்துச் சேர்த்தார். 'வயி' வரை வந்தது. கறுத்துவிட்டது. அண்ணி பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"எங்க வலியாம் தம்பி?"

"தோள்ல அண்ணி. திரைல பாத்தேன்."

அதைச் சொன்னபோது எனக்குத் துளிகூடத் திக்கவில்லை. அண்ணி தோளில் தைலம் தேய்த்தாள். அவர் "இல்ல" என்றார். "மெதுவா தேயுங்க, எரியுதாம்" என்றேன். அவர் கண் என்னையே பார்த்தது. நானும் பார்த்தேன். புதனும் வியாழனும் இதுவே நடந்தது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில், குடல்வால் வெடித்து உள்ளே விஷம் பரவிவிட்டது என்றார்கள். சனிக்கிழமை போய்விட்டார். இந்த வலியை எப்படி மூணு நாள் சொல்லாம இருந்தார் என்று டாக்டர் அண்ணியைக் கேட்டார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காரியம் முடிந்த மறுநாள் மெஷினை வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த மெக்கானிக் எண்களைப் பார்த்ததும் அவளை உங்களிடம் அனுப்பியிருக்கிறார். நல்ல மெக்கானிக்.

ஆகவே, அண்ணனைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது, அண்ணிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மெஷின் விழுமுன் சேர்ந்திருந்த பாதி வாக்கியங்கள் தானாகவே சேமிக்கப்பட்டிருந்ததாம். எனக்கு அது தெரியாது. நேற்று நீங்கள் அந்தத் தாளை என் முன்னால் வைத்தீர்கள். மற்ற வரிகளுக்கு நடுவே நாற்பத்தொரு வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தீர்கள். முதல் மாதங்களில் 'தம்பி அன்னைக்கு முதலாளிகிட்ட நான்'. திரும்பத் திரும்ப அதுவே. அப்புறம் 'தம்பி அன்னைக்கு நான்'. பிறகு 'தம்பி நான்'. கடைசியில் வெறும் 'தம்பி'. என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை, அது மட்டும் கொஞ்சம் புதிதாக இருந்தது.

"என்ன சொல்ல வந்திருப்பார்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. அதனால்தான் எழுதித் தரச் சொன்னீர்கள்.

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்பதென்றால் ஒரே வார்த்தை போதும், மேடம். ஒரு வார்த்தையை அந்த மெஷின் கடைசி வாரத்துக்கு முன்பு வரை தாங்கியது. அவர் சொல்லவில்லையே. முப்பது வருஷம் கூடவே இருந்தவன் நான். அவர் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? எழுதிக்கொள்ளுங்கள்: 'தம்பி, அன்னைக்கு முதலாளிகிட்ட நான் சொன்னது சரிதான்.' அவர் சொல்ல வந்தது அதுதான். இப்போது இருந்திருந்தாலும் அவர் "இல்ல" என்று சொல்லியிருக்க மாட்டார்.