முதுகுக்குப் பின்னால ரெண்டு விரல்

— அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம் தள்ளு மச்சான்.

— மறுபடியும் டேப்பா? வெக்கமே கிடையாதா மாப்ளே உனக்கு? மூணு மாசமா விரல் விரலா சுத்திக்கிட்டு அலையறே. டிவியில பாக்கறவன் எல்லாம், "உங்க தங்கச்சி புருஷனுக்கு என்ன வியாதி"ன்னு என்னையில்ல கேக்கறான்!

— விரல் வலின்னு சொல்லு.

— ராக்கெட் புடிக்கறது வலது கை. வலி மட்டும் இடது கையிலயா? காதுல பூ சுத்தாதே.

— சுத்தறது டேப்பு மச்சான், பூ இல்லை.

— ரெண்டாவது செட்டுல தூறல் போட்டதும் நனைஞ்சு தொங்குச்சுன்னு பிச்சுப் போட்டே பாரு, அப்பதான் பாக்க மனுஷன் மாதிரி இருந்தே.

— அந்த செட்டைப் பத்தித்தான் பேசணும். உன் சர்வீஸ் கேம், கடைசி பாயிண்ட். நான் நெட்டுல நின்னு முதுகுக்குப் பின்னால எத்தனை விரல் காட்டினேன்?

— அது வந்து... ஒண்ணு.

— ரெண்டு. ஒண்ணுன்னா சர்வீஸை ஓரமா போடணும், ரெண்டுன்னா நடுவுல. எட்டு வருஷமா ஜோடியா டென்னிஸ் ஆடறோம், இதானே நம்ம சைகை? நீ நடுவுல போடுவேன்னு நம்பி நான் அந்தப் பக்கம் பாஞ்சேன். நீ ஓரத்துல போட்டே. நான் விட்டுட்டு வந்த எடத்துல அவன் பந்தைத் தட்டிட்டு சிரிச்சுக்கிட்டே போறான்.

— கடைசி நேரத்துல மனசு மாறிடுச்சு மாப்ளே.

— அந்த செட்டுல நாலு தடவை இப்படி ஆச்சு. நாலு தடவையுமா மாறுச்சு?

— மழை எப்ப விடுமாம்?

— அரை மணி ஆகுமாம். பேச்சை மாத்தாதே. அவங்களுக்கு ஒரு செட், நமக்கு ஒரு செட் ஆச்சு. வெளிய போனா பத்துப் பாயிண்ட் ஆட்டம், அவ்வளவுதான். ஜெயிச்சா நாளைக்கு ஃபைனல். தோத்தா இன்னைக்கே பெட்டியைக் கட்டணும்.

— தோத்தா உனக்கென்ன? அடுத்த வருஷம் ஜோடி சேரலாம்னு அந்த நெட்டையன் உன்னைக் கூப்பிட்டிருக்கானாமே.

— யார் சொன்னா?

— ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டறவர். அவருக்குத் தெரியாம இங்க ஒரு ஈ பறக்குமா? நீ என்ன பதில் சொன்னே?

— முதல்ல நீ பதில் சொல்லு. நாலு தடவை ஏன்?

— கதவைச் சாத்து.

— சாத்தித்தான் இருக்கு.

— உன் பொண்டாட்டிகிட்ட மூச்சு விடக்கூடாது.

— அவ உன் தங்கச்சி மச்சான்!

— அதனாலதான் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே சொல்லிடுவா.

— சரி, சொல்லு.

— எனக்கு உன் விரல் தெரியல.

— ம்.

— என்னய்யா "ம்"? கண்ணு தெரியலங்கறேன், "ம்"ங்கறே! வருஷ ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான். பந்து தெரியுது, அது பளிச்சுன்னு வருது. உன் விரல் மட்டும் ஒரே மங்கல். முப்பத்தாறு வயசுல கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போய் நின்னா, என்கூட எவன் ஜோடி சேருவான்? அதான் குத்துமதிப்பா போட்டுக்கிட்டிருந்தேன்.

— அப்புறம்?

— அப்புறம் கேரட்.

— கேரட்டா?

— சிரிக்காதே. தினம் ஆறு, பச்சையா. மூணு மாசம் முன்னால ஆரம்பிச்சேன். அடுத்த வாரமே ஒண்ணு, ரெண்டுன்னு கணக்கா தெரிய ஆரம்பிச்சுது மாப்ளே! அதுக்கப்புறம்தானே வரிசையா ஜெயிச்சோம்? குணமாயிடுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். இன்னைக்கு என்ன கேடோ தெரியல. காலையில ரெண்டுதான் தின்னேன், அதா இருக்கும்.

— அந்தப் பையில என்ன?

— மிச்சம் நாலு. மழை விடறதுக்குள்ள தின்னுடறேன். உனக்கு ஒண்ணு வேணுமா?

— வேண்டாம், நீயே தின்னு.

— மாப்ளே, நெசமாவே சொல்றேன். இன்னைக்குத் தோத்தா நீ அந்த நெட்டையன்கூடப் போயிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு ஆறு மாசம் பேசாம இருப்பேன், அவ்வளவுதான்.

— அவன்கிட்ட நேத்தே முடியாதுன்னுட்டேன்.

— பைத்தியமா உனக்கு?

— உன்கூட ஆடினாத்தான் மச்சான் எனக்கு ஆடின மாதிரியே இருக்கு. என்ன இது, கண்ணைக் கசக்காதே. இருக்கற பார்வையும் போயிடப் போவுது.

— தூசி.

— தூசிதான், தூசிதான். மேட்ச் முடிஞ்சதும் நேரா கண் டாக்டர்கிட்ட போறோம். ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காராம். உன் தங்கச்சி கேட்டு வச்சிருக்கா.

— அவளுக்கு எப்படித் தெரியும்?

— டிவியில பாத்துக் கண்டுபுடிச்சதே அவதான்.

— எப்ப?

— மூணு மாசம் முன்னால. சரி, கேரட்டை வச்சுட்டு அந்தக் கதவோரமா போய் நில்லு. பந்து கலர் டேப் தீந்துபோச்சு, பச்சையும் ஆரஞ்சும்தான் இருக்கு. எது நல்லாத் தெரியுதுன்னு பாத்துச் சொல்லு.