மூன்று சிறுநீரகங்கள் உள்ளவர்

செவ்வாய்க்கிழமைக் குறிப்பு: அல்சூரிலிருந்து அடுகோடி போகும் பேருந்தில், நின்றுகொண்டிருந்த பெண் ஒருவர், பல மாதம் கழித்துச் சந்தித்த தோழியிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு இப்ப மூணு கிட்னி."

உட்கார்ந்திருந்த தோழி நிமிர்ந்தார். "பழசு ரெண்டையும் எடுக்கலையாக்கா?"

"இல்ல, அது பாட்டுக்கு உள்ளயே இருக்கு. புதுசுதான் வேலை செய்யுது. டயாலிசிஸ் நின்னுடுச்சு. டாக்டர் தண்ணி நிறைய குடிக்கச் சொல்றாரு. அளந்து குடிச்ச பழக்கம், இவரு இன்னும் அரை டம்ளர்தான் கேக்குறாரு."

"குடுத்தது யாரு?"

"நான்தான்."

தோழி சட்டென்று எழுந்தார். "உக்காருங்கக்கா."

"நீ உக்காரும்மா. எனக்கு ஒண்ணு போதும். வேலைக்கே போறேன். எங்க மாமியாரும் இப்படித்தான், குடத்தத் தொட விடல. அந்த மட்டும் லாபம்."

இருவரும் சிரித்தார்கள். அடுகோடி வரை அந்த இருக்கை காலியாகவே வந்தது.

பழைய சிறுநீரகங்களை உள்ளேயே விட்டுவிடுவது வழக்கம்தானா என்று நான் இன்னும் சரிபார்க்கவில்லை.