ஒரே கட்டு, ஓடிப்போயிடும்

— மெதுவாப் பேசு வைரக்கண்ணு. பக்கத்துக் கட்டில்காரன் நம்ம பக்கத்துக் குன்னம் ஊருக்காரன், காதுல வுழுந்துடும். இங்க என் பேரு மணிவேல்.

— அது எங்கண்ணன் பேராச்சே. அப்ப நான் ஒங்களுக்கு யாருங்க?

— தங்கச்சின்னு சொல்லு.

— மூணு புள்ள பெத்த பொறவு தங்கச்சியா. நல்லாருக்குங்க.

— நான் சொல்றேன்ல, கேளு. ஊருக்கெல்லாம் எலும்புக் கட்டுப் போடுற வேப்பந்தட்டை அமாவாசை, டவுன் ஆஸ்பத்திரியில காலுக்கு எடைக்கல்லு தொங்கவிட்டுக் கெடக்குறான்னு தெரிஞ்சா, ஒரு பய நம்ம வைத்தியக் கொட்டாய்க்கு வருவானா?

— ‘வலி தெரியாத வைத்தியம்’னு போர்டு மாட்ட நானா ஏணியில ஏறுனேன்? போர்டோட வுழுந்து நீங்க போட்ட கத்தலு குரும்பலூரு வரைக்கும் கேட்டிருக்கும்.

— அது போர்டு ஒடஞ்ச வருத்தத்துல கத்துனது. முட்டைப் பத்துப் போட்டு, மூங்கிப் பத்தை வச்சு இறுக்குனா, ஒரே கட்டு, ஓடிப்போயிடும்.

— சும்மா இருங்க, டாக்டரம்மா வர்றாங்க. வாங்கம்மா.

— வணக்கம், நான் சத்யப்பிரியா. ஆபரேஷன் நான்தான் பண்ணப்போறேன். மணிவேல் ஐயா, வலி எப்படி இருக்கு? மணிவேல் ஐயா?

— ஏங்க, ஒங்களத்தான்.

— ஆங், என்னத்தான். இருக்குங்க வலி.

— நீங்க இவருக்கு யாரும்மா?

— இவரு எங்கண்ணங்க.

— ஆமாங்க, இவ என் பொண்டாட்டி.

— சரி, அத அப்புறமா ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க. ஐயா, இடுப்புல ஒரு கிண்ணம் இருக்கு. தொடை எலும்போட உருண்டை அதுலதான் ஒக்காந்து சுத்தும். உங்களுக்கு அந்தக் கிண்ணம் மூணாத் தெறிச்சிருக்கு. திறந்து, துண்டையெல்லாம் ஒண்ணு சேத்து, தகடு வச்சு ஸ்க்ரூ போடணும். சரிங்களா?

— தகடெல்லாம் எதுக்கும்மா? மேலாப்புல இறுக்கி ஒரு கட்டுக் கட்டி அனுப்பிடுங்க.

— கிண்ணம் ரொம்ப ஆழத்துல இருக்குங்க, கட்டு எட்டாது. அப்படியே விட்டா கோணலா ஒட்டிக்கும். காலத்துக்கும் தாங்கித் தாங்கித்தான் நடப்பீங்க.

— ஐயையோ, நடக்கணும்மா. நானே நொண்டுனா எங்கிட்ட எவன் வருவான்? பயமாத்தான் இருக்கு, இருந்தாலும் பண்ணிடுங்க. ஆமா, அது என்னம்மா ஒங்க வலது மணிக்கட்டு ஒரு பக்கமாத் திரும்பியிருக்கு?

— ஆறாவது படிக்கிறப்ப சைக்கிள்லேருந்து வுழுந்தேன். அப்பா கட்டுப் போடக் கூட்டிட்டுப் போனாரு.

— எந்த மடப்பய போட்டான்? எலும்பப் புடிச்சுப் பாக்கத் தெரியாதவனெல்லாம் தொழிலுக்கு வந்துடுறான். எங்கிட்ட வந்திருந்தா ஒரே கட்டு...

— ஓடிப்போயிடும்.

— ஆமா. அது ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— ஏங்க, வாய மூடுங்க.

— அப்ப, ஆபரேஷன எந்தக் கையாலம்மா பண்ணுவீங்க?

— இதே கையாலதான், அமாவாசை ஐயா.