சிவப்புன்னா வியாதி

— இந்தக் குழாயை நல்லாப் பாருங்க அத்தான், சிவப்பு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டே பாருங்க. உங்க ரெண்டாவது கொட்டகைக்கும் வைரஸ்தான்.

— சரிதான்.

— என்ன சரிதான்? எட்டாயிரம் தக்காளி நாத்து! வெளியில விவசாய ஆபீசரோட ஆளுங்க டீசல் கேனோட நிக்கறாங்க. இந்த ரிப்போர்ட் கைக்குப் போனதும் நேரா உங்க பண்ணைக்குத்தான் வருவாங்க.

— போன வாரம் முதல் கொட்டகையைக் கொளுத்துனதும் உன் கையெழுத்துலதான். உங்க அக்கா மூணு நாள் அடுப்பே பத்த வைக்கல. கையெழுத்துப் போட்டது தங்கச்சி, பட்டினி கிடந்தது நான்.

— நான் என்ன செய்ய? லேப்ல மச்சினிச்சி இருக்காளேன்னு வைரஸ் சொந்தம் பாக்குமா?

— பாக்காது. சொந்தக்காரங்களை விட அது மேல். ஆனா இந்தக் கொட்டகையும் போச்சுன்னா பண்ணைன்னு சொல்லிக்க எனக்கு வேலிதான் மிஞ்சும். அதனால கேக்கறேன் தாயி, இந்தத் தண்ணிக்கு எப்படித் தெரியுது?

— இதுல கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் மிதக்குது. அதான் சிவப்பு.

— தங்கம் சிவப்பா? உங்க அக்காகிட்டச் சொல்லிராத.

— நானோ அளவுக்குப் பொடியானா அப்படித்தான். ஒவ்வொரு துகள்லயும் டி.என்.ஏ. துண்டு ஒட்டியிருக்கு. இலைச் சாறுல வைரஸோட டி.என்.ஏ. இருந்தா ரெண்டும் கோத்துக்கும். அப்புறம் உப்புத் தண்ணி விடுவோம். கோத்துக்கிட்ட துகள் உப்புக்கு மசியாது, சிவப்பாவே நிக்கும். வைரஸ் இல்லேன்னா உப்பு பட்டதும் துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீலமாயிரும்.

— அப்ப நீலம்னா பிழைச்சோம். கடைசியா நீலத்தை எப்ப பாத்த?

— பத்து நாள் இருக்கும். அதுக்கப்புறம் வந்தது இருபத்தி மூணு சாம்பிள், எல்லாமே சிவப்பு. ஊரே வியாதி, அத்தான்.

— அந்த ரிட்டையர்டு வாத்தியார் மாடியில வெச்சிருந்த நாலு செடி கூடவா?

— அதுவும்தான். தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அழுதா நிறம் மாறுமா?

— மாறாது. ஏன் தாயி, வியாதி இல்லேன்னு தெரிஞ்ச இலையை ஒண்ணு கூடவே வெச்சுப் பாக்க மாட்டீங்களா?

— எனக்கே பாடமா? ஜன்னலோரத்துல வலைக்குள்ள ஒரு செடி வளத்தோம், ஒரு ஈ கூட அண்டாம. தினமும் அதோட சாறையும் வைப்போம், அது நீலமாகணும். பத்து நாளைக்கு முன்னாடி அதுவும் சிவப்பாயிருச்சு.

— அடப்பாவமே. நீ என்ன செஞ்ச?

— கொளுத்திட்டேன். விதின்னா எல்லாருக்கும் விதிதான்.

— அந்த நேரத்துல இங்க வேற ஏதாவது மாறுச்சா?

— ஒண்ணும் மாறல. உப்புத் தண்ணி தீந்து போய் ஸ்டோர்ல இருந்து புது பாட்டில் வந்தது, அவ்வளவுதான். இதோ, மேலயே கொட்டை எழுத்துல எழுதியிருக்கு பாருங்க, 'உப்புத் தண்ணி'ன்னு.

— எழுதியிருக்கா? அப்ப சரிதான்.

— அத்தான்! விரலை எடுங்க! லேப்ல எதையும் வாய்ல வைக்கக் கூடாது!

— வெச்சாச்சு. சப்புன்னு இருக்கு.

— உங்க நாக்கு செத்துப் போச்சு. இருபது வருஷமா அக்கா சமையலைத் திங்கற நாக்கு.

— அதுவும் நியாயம்தான். அந்த நாக்கை நம்பாத. நீ கையெழுத்தைப் போடு.

— போட்டாச்சு. முத்திரையும் குத்தியாச்சு, இந்தாங்க. மனசுல வெச்சுக்காதீங்க அத்தான். மத்தவங்க மாதிரி இலையைக் கட்டுக் கட்டாக் கொண்டு வராம, நீங்களே பிழிஞ்சு குழாய்ல கொடுத்தீங்க பாருங்க, எனக்கு அரைக்கற வேலை மிச்சம்.

— நான் எப்ப இலைன்னு சொன்னேன்? உங்க அக்கா ஒரு புதுத் துண்டு வாங்கியிருக்கா, பச்சைக் கலர், நனைச்சா சாயமாக் கொட்டுது. அதைப் பிழிஞ்ச தண்ணி தாயி இது. வெளியில நிக்கறவங்ககிட்டச் சொல்லு, துண்டு கொடியில காயுது, வந்து கொளுத்திட்டுப் போகட்டும்.