ஏழு பத்து வண்டி

எங்கள் கட்டடத்தில் தண்ணீர் நன்றாக வரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வீடுகள், ஆறும் வாடகைக்கு. மாடிப்படியில் விளக்கு எரியும், குப்பை வண்டி தினமும் வரும், வீட்டுக்காரர் தொந்தரவு செய்ய மாட்டார். அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. நீங்கள் விசாரணைக் குழு, வேறு மாதிரி எதிர்பார்த்திருப்பீர்கள். நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் நம் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஒன்பது வருட சர்வீஸ். குடியிருப்பது இரண்டாவது மாடி. எனக்கு நேர் கீழே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் அவர் மனைவியும். அவரை மாஸ்டர் என்பேன், அந்த அம்மாவை அக்கா என்பேன். மாஸ்டர் தன் பால்கனியில் நின்று சிகரெட் பிடிப்பார். புகை நேராக எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வரும்.

அவருக்குப் புகைவண்டி என்று பெயர் வைத்தது என் மனைவி. காலை ஆறே முக்காலுக்கு ஒரு வண்டி, மாலை ஏழு பத்துக்கு ஒரு வண்டி. இடையில் கூட்ஸ் வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் வந்து போகும். மாலையில் வாடை எட்டியதும், "ஏழு பத்து வந்தாச்சு, எழுந்து லைட்டைப் போடுங்க" என்பாள். எங்கள் வீட்டில் கடிகாரம் அலங்காரத்துக்குத்தான் இருந்தது.

அவள் இறந்தது புகையால் அல்ல. அப்படி எழுதிவிடாதீர்கள், மாஸ்டருக்கு அநியாயம். பேருந்து நிறுத்தத்தில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது இருபத்தொன்பது. பதினோரு நாள் விடுப்பு எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போனேன்.

அவள் துணிகள் சுவர் அலமாரியில் இருந்தன. அலமாரி ஜன்னலை ஒட்டி, கதவு சரியாக மூடாது. துணிகளில் அவள் வாசனை இருந்தது. நீல ஸ்வெட்டரில் அதிகம். தலைக்குத் தடவும் எண்ணெய், பவுடர், கொஞ்சம் வியர்வை. வேலை முடிந்து வந்ததும் கதவைத் திறந்து ஒரு முறை முகர்வேன், மூடிவிடுவேன். ஒரே முறைதான். அது தீர்ந்துபோகும் என்று தெரியும். சிக்கனமாக இருந்தேன்.

மாஸ்டர் சிக்கனமாக இல்லை. இரண்டாவது மாதம் ஸ்வெட்டரின் கைப்பகுதியில் சிகரெட் வாடை வந்தது.

ஜன்னலைச் சாத்திவைத்தேன். சுவரில் ஈரம் பூத்து பூஞ்சை நாற்றம் வந்தது. துணிகளை வேறு அறைக்கு மாற்றியிருக்கலாமே என்பீர்கள். அவள் மடித்து அடுக்கியவை அவை. மாற்றினால் நான் மடித்து அடுக்கியவை ஆகிவிடும்.

கீழே போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், பெட்ரூம் ஜன்னல் வழியா புகை மேல வருது."

"தம்பி, புகைன்னா மேலதான் வரும். கீழ போற சிகரெட் எங்கயாவது வித்தா சொல்லுங்க, அன்னைக்கே மாறிக்கிறேன்."

"வீட்டுக்குள்ள பிடிக்கலாமே."

"உள்ளயா?" என்று அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "உள்ள பிடிச்சா இவரைத்தான் வெளிய காயப்போடுவேன். இருபத்தி ரெண்டு வருஷமா நானும் கேக்குறேன் தம்பி. நீங்களும் சேர்ந்தா ரெண்டு பேர். ஒரு சங்கம் வச்சிடலாம்."

"நீங்க ஒருநாள் என் பக்கத்து சீட்டுல வந்து உக்காருங்க தம்பி" என்றார் மாஸ்டர். "இன்னைக்கு ஒரு அம்மா பிரேக்குன்னு நினைச்சு வைப்பரைப் போடுறாங்க. முன்னாடி லாரி. இப்ப சொல்லுங்க, ஒண்ணு பிடிக்கலாமா வேணாமா?"

சிரித்துவிட்டு மேலே வந்தேன். அவரிடம் கோபப்படுவது கடினம்.

வீட்டுக்காரரிடம் போனேன். அவர் வாடகை ஒப்பந்தத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு இருக்கு. நாய் வளர்க்கக் கூடாதுன்னு இருக்கு. அவர் ஆணி அடிச்சாரா? நாய் வச்சிருக்காரா?" இல்லை என்றேன். "அப்புறம் என்ன தம்பி" என்றார்.

ஒரு டேபிள் ஃபேன் வாங்கி என் பால்கனியில் கீழ்நோக்கி வைத்தேன். ஏழு பத்து வண்டி தடம் மாறித் தரைத்தளத்துப் பாட்டு டீச்சர் வீட்டுக்குள் போனது. டீச்சர் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்மேல் புகார் எழுதினார். மாஸ்டர் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார். இரண்டு நாள் கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் தானாகவே இறங்கி வந்தார். தெருமுனைக்குப் போய்ப் பிடிப்பதாக ஒப்புக்கொண்டு நான்கு நாள் போனார். ஐந்தாம் நாள் மழை. மழை நின்றது, மாஸ்டர் போகவில்லை. அலமாரியில் ஸ்வெட்டரின் முதுகிலும் வாடை ஏறிவிட்டது. கழுத்துப் பட்டையில் மட்டும் அவள் இருந்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாஸ்டர் மருத்துவமனைக்கு வந்தார். உரிமம் புதுப்பிக்க உடல் தகுதிச் சான்று, அதற்கு மார்புப் படம். அவருக்கு முன்னால் வரிசையில் இருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். யூனிஃபார்மோடு வந்திருந்தார், மனைவியும் கூட வந்திருந்தார். மூன்று வாரமாக இருமல் என்று சீட்டில் எழுதியிருந்தது.

நான் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க."

"பத்து பேரோட கீழ போற லிஃப்டையே பிடிச்சு நிறுத்தியிருக்கேன். மூச்சு என்ன சார், பிஸ்கோத்து" என்றார். சொன்ன வேகத்தில் இருமல் வந்துவிட்டது. இரண்டாவது தடவைதான் படம் சரியாக வந்தது. சிகரெட் உண்டா என்று கேட்டேன். வாழ்நாளில் தொட்டதில்லை என்றார்.

திரையில் படம் வந்தது. வலது நுரையீரலின் மேல்பக்கம், பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் ஒரு வெண்மை. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்பது வருடம் பார்த்தால் தெரியும். வாசலில் அவர் மனைவி, "ஒண்ணுமில்லையே தம்பி?" என்றார். டாக்டர் சொல்வார் என்றேன். விதிப்படி நான் அதற்கு மேல் சொல்லக் கூடாது.

அடுத்து மாஸ்டர். மூச்சை இழுத்துப் பிடித்தார். படம் சுத்தமாக இருந்தது. இருபத்திரண்டு வருடப் புகை, ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் வேலைமுறை உங்களுக்குத் தெரியும். திரையில் பெயரைத் தொட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். அவசரத்தில் தவறான பெயரைத் தொடுவது எல்லா டெக்னீஷியனுக்கும் நடக்கும். அதனால் எடுத்த படத்தை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாற்ற ஒரு வசதி உண்டு. தவறைத் திருத்துவதற்கான வசதி. இரண்டு பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, இருவரும் ஒல்லி. படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் வேறு கட்டடத்தில் இருக்கிறார், முகம் பார்ப்பதில்லை. இரண்டு படங்களையும் இடம் மாற்றினேன். உறுதியா என்று திரை கேட்டது. ஆம் என்று தொட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு சாப்பிடப் போனேன்.

மறுநாள் மாலை ஏழு பத்துக்கு வண்டி வரவில்லை. மாஸ்டர்தான் வந்தார்.

"தம்பி, நீங்கதான படம் எடுத்தீங்க. நெஞ்சுல ஏதோ இருக்காம். சளியாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம்னு சொல்றாங்க. மூணு வாரம் மாத்திரை, அப்புறம் திரும்ப ஒரு படம். சிகரெட்டைத் தொட்டா வராதேன்னுட்டார் டாக்டர்."

"விட்டுடுங்க மாஸ்டர்" என்றேன்.

"விட்டுட்டேன். மத்தியானமே பாக்கெட்டை உங்க அக்கா கண்ணு முன்னாடி தண்ணில போட்டேன். அவ அந்தத் தண்ணியைக்கூட ரெண்டு தடவை மாத்திட்டா."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கட்டடத்துக்கே நல்ல நாட்கள். மாஸ்டர் கிராம்பு மென்றார், வெள்ளரிக்காய் கடித்தார், பேனா மூடிகளைத் தின்று தீர்த்தார். கார் ஓட்டக் கற்க வந்தவர்களை அவர் திட்டிய திட்டு அடுத்த தெருவரை கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. காலையில் நடக்கப் போனார், அப்படியும் தொப்பை போட்டது. அக்கா எனக்கு இரவுச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கலாம் இந்த மனுஷன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் ஆடினோம். சிவப்புக் காயைப் போட்டால் மாஸ்டர் ஹாரன் அடிப்பதுபோல் கத்துவார். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வந்தது.

மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு நார்மல் என்று அறிக்கை போனது. இருமல் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் போன் நம்பர் பதிவில் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். பேசியிருக்கலாம். ஆனால் அவர் படத்தைச் சரிசெய்தால் மாஸ்டர் படமும் சரியாகிவிடும். தன் நெஞ்சு சுத்தம் என்று தெரிந்தால் அன்று மாலையே வண்டி வரும். இதை நான் சாதாரணமாகத்தான் யோசித்தேன். மெக்கானிக்குக்கு இருமல் நிற்காவிட்டால் அவரே மறுபடி வருவார் என்று வைத்துக்கொண்டேன். கவலைப்பட அவருக்கு மனைவி இருந்தார்.

மூன்று வாரம் முடிந்து மாஸ்டரை மறுபடி படம் எடுத்தேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை. சுத்தம். மருந்தில் கரைந்துவிட்டது என்றார் டாக்டர். மாஸ்டர் சட்டை போடாமலே என்னைக் கட்டிப்பிடித்தார். அப்போதாவது மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கலாமே என்றால், மூன்று வாரத்தில் விட்ட பழக்கம் விட்ட பழக்கம் ஆகாது. ஆறு மாதமாவது வேண்டும். எங்கள் மருத்துவமனைச் சுவரிலேயே அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

ஸ்வெட்டர் பிழைத்துக்கொண்டது. சிகரெட் வாடை மெல்லப் போய், அவள் வாசனை திரும்பி வந்தது. ஒருநாள் அக்காவை அழைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் முகத்தில் வைத்திருந்தார். "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

எட்டாவது மாதம் மெக்கானிக் சக்கர நாற்காலியில் வந்தார். வெண்மை இரண்டு பக்கமும் பரவியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. "இப்ப லிஃப்டே என்னைத் தூக்கிட்டுப் போகுது சார்" என்றார். ஆறு வாரம் இருந்தார்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. மெக்கானிக்குக்குச் சிறுவயதில் உடைந்து கூடிய காறை எலும்பு. நார்மல் என்று போன படத்தில் அந்த எலும்பு உடையவே இல்லை. புதிதாக வந்த டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். படங்களை மாற்றும்போது நான் எலும்பைக் கவனிக்கவில்லை. அது வேலையில் நான் செய்த பிழை, ஒப்புக்கொள்கிறேன். மாற்றியது பிழை அல்ல, தெரிந்து செய்தது. அவர் நெஞ்சில் இருந்தது என்ன என்று முதல் நாளே எனக்குத் தெரியும். எட்டு மாதமும் தெரியும். மாஸ்டருக்கும் அக்காவுக்கும் இதில் எதுவும் தெரியாது. அவர்களிடம் நீங்கள் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். மாஸ்டர் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். மெக்கானிக் இறந்து இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி பழைய படங்களின் நகல் வாங்க வந்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"கம்பெனில யூனிஃபார்மைத் திருப்பிக் கேட்டாங்க தம்பி. மூணு குடுத்தேன். நாலாவது தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லிட்டேன். துவைக்காம வச்சிருக்கேன். கிரீஸ் வாசமும் அவர் வாசமுமா இருக்கு. தப்பா?"

தப்பில்லை என்றேன். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு, அதனால் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது. பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். நாளுக்கு ஒரு முறைக்கு மேல் முகரக் கூடாது. பக்கத்து வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும், விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்றார். நான் அந்தக் குடும்பத்துக்கு எதுவுமே செய்யவில்லை என்று உங்கள் அறிக்கையில் வந்துவிடக் கூடாது.