மோலி குஞ்சு போட்டிருக்கு

ஹலோ... ஹலோ, கேக்குதா? வண்ணமீன்கடைத் தம்பிதானே... நான்தாம்ப்பா, லேத்துப் பட்டறைக்காரர். போன மாசம் ரெண்டடி மீன்தொட்டி வாங்கினேனே... ஆமா, ஆமா, அதேதான். உங்க அக்கா, அதான் என் வீட்டுக்காரி, ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, பேச்சும் போயி படுத்திருக்கா, பாத்துக்கிட்டாவது இருக்கட்டும்னு வாங்கிட்டுப் போனேன்ல... ஆங், கட்டில் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்.

இல்ல, இல்ல, குறை சொல்லக் கூப்பிடல. நல்ல சேதிதான். கறுப்பு மோலி குஞ்சு போட்டிருக்கு...

நெசமாத்தான். வயித்தைத் தள்ளிக்கிட்டு ஒண்ணு இருந்துச்சே, அதுதான். கண்ணாடி பூரா பொடிப்பொடியா வெள்ளையா... இரு, முழுசா கேளு. முதல்ல பாத்தது நான் இல்ல, உங்க அக்கா. கையத் தூக்கிக் காட்டினா தம்பி... அந்தக் கை இல்ல, நல்லா இருக்கிற கைதான். அதையே அவ அஞ்சு மாசமா எடுக்கலியே. தண்ணி வேணும்னுகூட கேட்டதில்ல. ஊட்டினா முழுங்குவா, புரட்டினா புரளுவா. முந்தாநாள் கையத் தூக்கி, விரலை நீட்டி, தொட்டியைக் காட்டறா. ம்... ம்...னு ஒரு சத்தம். நான் ஓடிப்போய்ப் பாத்தா, கண்ணாடியில இதுங்க...

பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அழுதுட்டா. லீவு போட்டுட்டு நாளைக்கு வர்றேன்னிருக்கா.

சரி, இந்தக் குஞ்சுக்கு என்ன தீனி போடறது, அதைச் சொல்லு... எவ்வளவு பெருசுன்னா... ஒரு மில்லிமீட்டர், ஒண்ணரை மில்லிமீட்டர். நீளம் அவ்வளவு, கனம் நூலு கணக்கா... நமக்கு அளவு தப்பாதுப்பா, முப்பது வருசமா அதுதானே பொழப்பு... நீந்துதாவா? இல்ல. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு மெதுவா வழுக்கிக்கிட்டுப் போகுது... பொறந்த பிள்ளைதானே, தெம்பு வர வேணாமா.

என்ன, சிரிக்கறியா?... சிரிக்கலியா, சரி, சரி.

கண்ணா? இருக்கே. இரு, பட்டறை லென்ஸ் கையிலதான் இருக்கு... ம், தலையில ரெண்டு புள்ளி. கறுப்பா. கண்ணேதான் தம்பி... தலையா... தலை முக்கோணமா இருக்கு. அம்பு முனை மாதிரி... வாலு... வாலுன்னு தனியா ஒண்ணும் இல்ல... செதிலும் தெரியல...

என்ன சொன்னே?

...

புழுவா.

...

ரெண்டு புள்ளி இருக்குங்கறேன்... ஓ... அந்தப் புழுவுக்கும் இருக்குமா... மோலி குஞ்சுன்னா பொறந்த உடனே நீந்துமா. அரை அங்குலம்... கால் அங்குலமாவது இருக்குமா. ம். ம்.

தீனியா? மூணு வேளை போடறேன். நாலும் போட்டிருப்பேன்... தெரியும், நீ ஒரு வேளைன்னுதான் சொன்னே. தீனி போட்டா மீனெல்லாம் மேல வருதுல்ல, அப்ப உங்க அக்கா கண்ணு கொஞ்சம் அசையுது. அதுக்காகத்தான்... மிச்சம் அடியில தங்குதா... ஆமா, தண்ணி கொஞ்சம் கலங்கல்தான். வாடையும்... நான் மருந்து வாடைன்னு நெனச்சேன்.

தாய் மீனா? நாலு நாளா கண்ணுல படல. எங்கயாவது ஒதுங்கிக் குஞ்சு போடுதுன்னு... பில்டருக்குப் பின்னாடியா? முன்னாடி இருந்து பாத்தா அங்க தெரியாதுப்பா. இரு, கட்டில் பக்கமா வந்து குனிஞ்சு பாக்கறேன்... போனை வெச்சிடாதே.

...

தம்பி.

இருக்கு.

...

குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவுல சொருகிக்கிட்டு... பாதிதான் இருக்கு. மேல பூரா அதுங்கதான். வெள்ளையா.

...



தம்பி, நான் இப்ப அவ தலகாணிக்குப் பக்கத்துல இருந்து பாக்கறேன். இங்க இருந்து பாத்தா அது நேரா தெரியுது. வேற எதுவும் தெரியல, அதுதான் தெரியுது... நாலு நாளா இதைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கா. கையத் தூக்கினது இதை எடுன்னு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஆமாம்மா, ஆமாம்மா, பாத்தேம்மா, பிள்ளை பெத்துட்டான்னு சொல்லிச் சிரிச்சேன். கன்னத்தைக் கிள்ளினேன். அன்னிக்குப் பூரா அவ காட்டறா, நான் சிரிக்கறேன்... அப்புறம் காட்டறதையே விட்டுட்டா. நேத்துல இருந்து கை கெடந்த இடத்துல கெடக்கு.

...

நீ நல்லதுக்குத்தான் சொல்றே. கைய எடுத்தாளே, அதுவே பெருசுன்னு. எடுத்தா... எடுத்து என்ன ஆச்சு.

புழுவுக்கு மருந்தெல்லாம் வேணாம்ப்பா. எத்தனை நாளைக்கு... நீ வந்து தொட்டியோட எடுத்துட்டுப் போயிடு. மிச்ச மீனை யார்கிட்டயாவது குடு. நாளைக்குப் பொண்ணு வர்றதுக்குள்ள வந்துடு. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்... சரி. சரி. அதுவரைக்கும் துண்டு போட்டு மூடி வெக்கறேன். ம்... இதோ, மூடிட்டேன்...

இரு இரு.

அவ கையத் தூக்கறா.

என்னம்மா? நான் இங்கதான் இருக்கேன்... மூடினது வேணாமா? துண்டை எடுக்கவா?... எடுத்துட்டேன், பாரு... இதுவும் இல்லையா? எடுத்துட்டுப் போக வேணாங்கறியா? என்னையா சொல்றே? என்னம்மா வேணும்...

தம்பி, விரலை நீட்டிக்கிட்டே இருக்கா. எதைன்னு தெரியல. தொட்டியையா, சன்னலையா, என்னையா... எனக்கு ஒண்ணுமே புரியலப்பா.

...

கை இறங்கிடுச்சு. வெச்சிடறேன்.