ஒரு டம்ளருக்கு ஓர் அடுப்பா

பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ வெளியே வந்தால், அது சமைப்பது சுவரைத்தான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். என் மனைவிக்குக் கடைசிவரை புரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் வெங்காயத்தைத் தேடுவாள். மூடி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவிருக்காது.

அவளுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனபின் சமையல் என் கைக்கு வந்தது. மத்தியானம் ஒருமுறை பற்றவைப்பேன். அடுக்குப் பாத்திரத்தில் எல்லாம் ஒன்றாக வேகும். முக்கால் பதத்தில் அணைத்துவிட்டால், மீதியை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். பிறகு மறுநாள்தான் அடுப்பு.

"கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, வெதுவெதுப்பா குடுங்க. ஆறினது உள்ள இறங்காது" என்றார் டாக்டர். அடுப்பு அவர் வீட்டுடையதில்லையே.

"என்னங்க, ஒரு டம்ளர் வெந்நீர் வச்சுத் தர்றீங்களா? தொண்டை அடைக்குது."

"ஒரு டம்ளருக்கு ஓர் அடுப்பா? மத்தியானம் சேர்த்து வச்சுக்கலாம்."

"சரி. அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு தொண்டைகிட்ட சொல்றேன்."

ஒருநாள் அவளே எழுந்து போய்ப் பற்றவைத்தாள். அரை டம்ளர் தண்ணீருக்கு இருப்பதிலேயே பெரிய பாத்திரம். அன்றே கேஸ் அடுப்பைத் திருகும் குமிழ்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு டைலரம்மா பிளாஸ்க்கோடு வந்தாள். "அண்ணே, சூப்பு சூடா இருக்கு. அண்ணிக்கு ரெண்டு வாய் குடுங்க."

"எங்க வீட்ல அடுப்பு இல்லன்னு யாரும்மா சொன்னது?"

திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு வாய் சூப்பில் உலகம் நிற்கிறது என்று நம்புகிற ரகம். மறுநாளும் வந்தாள். கதவைத் திறக்கவில்லை.

ஆறிய கிண்ணங்கள் தொடாமலே திரும்பி வந்தன. நான் சாப்பிட்டேன், எதையும் வீணாக்கவில்லை. அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். கடைசிக் காலையில் கையை நீட்டி என் சட்டைப் பையைத் தொட்டாள். குமிழ்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றவைக்கும் நேரம் ஆகவில்லை என்றேன். அந்த நேரம் வந்தபோது அவள் இல்லை.

இங்கே ஸ்டேஷனில் நான் இருமியதைப் பார்த்து, கேட்காமலே உங்கள் காவலர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். குடித்தேன். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாருங்கள் ஐயா, ஓர் ஆளுக்காக ஓர் அடுப்பு. அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.